பெர்லின்ல கண்ணுல பட்டது: இது பேசற ஊரா, சீட்டு எழுதி ஒட்டற ஊரா?

நொய்யல்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சொந்த ஊர் ஈரோடு, நடுவுல பெங்களூரு, இப்ப பெர்லின். வெட்டிங்ங்கற பகுதியில வாடகை வீடு. ப்ளூ கார்டு விசா, சம்பளம், வரி பத்தியெல்லாம் ஆளாளுக்கு எழுதிக் குவிச்சிருக்கீங்க, அதுக்குள்ள நான் வரலை. படிக்கட்டுல, தெருவுல, கடையில தினம் கண்ணுல படறதை மட்டும் எழுதறேன். பழைய ஆளுங்க விளக்கம் சொல்லுங்க.

எங்க கட்டடத்துல எந்த வீட்டுக்கும் கதவு நம்பர் இல்லை. தெருப் பேரு, கட்டட நம்பர், அதோட விலாசம் முடிஞ்சது. உள்ள முப்பது குடும்பம் இருக்கும். பெல் பலகையிலயும் தபால் பெட்டியிலயும் பேர் ஒட்டியிருந்தாத்தான் கடுதாசி வரும், இல்லைன்னா வந்த வழியே திரும்பிடும். அதுவும் குடும்பப் பேர்தான் கேக்கறாங்க. நமக்கேதுங்க குடும்பப் பேரு? பாஸ்போர்ட்டுல அந்தக் கட்டத்துல எங்கப்பா பேர் இருக்கு, அதையே ஒட்டிட்டாங்க. ஈரோட்டுல அவரு கட்டின வீட்டு வாசல்ல 'முருகன் துணை'ன்னுதான் எழுதியிருக்கும். அவரு பேரு பலகை ஏறினது பெர்லின்லதான். போட்டோ எடுத்து அனுப்பினேன், தெரு முழுக்கக் காட்டிட்டு வந்திருக்காரு.

அடுத்தது சீட்டு. எங்க படிக்கட்டு வாசல்ல எந்நேரமும் நாலஞ்சு சீட்டு ஒட்டியிருக்கும். 'சனிக்கிழமை எனக்குப் பிறந்தநாள், சத்தம் வரும், பொறுக்க முடியலைன்னா மேல வந்து ஒரு கிளாஸ் எடுத்துக்கோங்க.' 'அட்டைப் பெட்டியை மடிச்சுப் போடுங்க, தொட்டி உங்களுக்கு மட்டும் இல்லை.' 'சைக்கிளை இங்க நிறுத்தாதீங்க.' இந்தக் கடைசிச் சீட்டுக்குக் கீழ வேற கையெழுத்துல 'ஏன்?' அதுக்குக் கீழ மூணாவது கையெழுத்துல 'குழந்தை வண்டி போக வேணாமா?' அதுக்கும் கீழ முதல் கையெழுத்துலயே 'நன்றி'. இத்தனை பேச்சு நடந்திருக்கு, ஒருத்தரையும் நான் நேர்ல பார்த்ததில்லை. கையெழுத்தை வெச்சு ஆளுங்களைப் பழகிட்டு இருக்கேன்.

ஊபான், அதாவது மெட்ரோ ரயில் ஸ்டேஷன்ல தடுப்பும் இல்லை, கேட்டும் இல்லை. நேரா போய் ஏறலாம். திடீர்னு சாதாரண ஜீன்ஸ் போட்ட ரெண்டு பேர் எந்திரிச்சு டிக்கெட் கேப்பாங்க, இல்லைன்னா 60 யூரோ. ஆபீஸ்ல இதை 'நம்பிக்கை'ன்னு பெருமையா சொல்றாங்க. எனக்கென்னவோ அது நம்பிக்கையா தெரியலை. கேட் வெக்கற செலவையும் அபராதத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்திருக்காங்க.

சூப்பர் மார்க்கெட்ல முன்னாடி ஆளு சாமானுக்கும் நம்ம சாமானுக்கும் நடுவுல ஒரு கட்டையை வெக்கணும். லேட்டாச்சுன்னா பின்னாடி நிக்கற பாட்டி கையை எட்டி அதை எடுத்து 'டக்'குன்னு வெச்சுட்டு நிமிர்ந்து நிப்பாங்க. ஒரு வார்த்தை கிடையாது.

என் கேள்வி இதுதானுங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ரெண்டு வார்த்தையில முடிக்கற சமாச்சாரத்தை ஏன் எழுதி ஒட்டறாங்க? மரியாதையா, கூச்சமா, இல்ல மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலையா?

தெருவிளக்கு:

வருக, நொய்யல். சீட்டுக்குப் போகும் முன் உங்கள் கட்டடத்தைக் கொஞ்சம் பார்ப்போம், பாதி பதில் அங்கே இருக்கிறது.

வெட்டிங்கில் இன்று நிற்கும் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்தவை. தெருவைப் பார்த்து முன்கட்டு, ஒரு முற்றம், பக்கத்தில் ஒரு சிறகு, பின்னால் பின்கட்டு. சில இடங்களில் அதற்கும் பின்னால் இன்னொரு முற்றம், இன்னொரு கட்டு. முற்றம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்று 1853ஆம் ஆண்டின் கட்டட விதி சொன்னது: நீளம் அகலம் இரண்டும் 5.34 மீட்டர் இருந்தால் போதும். வெளிச்சத்துக்கோ காற்றுக்கோ அல்ல, தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கு வேண்டிய அளவு அது. இந்த முறையின் உச்சம் உங்கள் பக்கத்திலேயே, ஆக்கர் தெருவில் இருந்த மையர்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு. ஒன்றன் பின் ஒன்றாக ஆறு முற்றங்கள். 1874இல் கட்டினார்கள், 1972இல் இடித்துவிட்டார்கள்.

ஆகவே பார்சல் கொண்டுவருபவரிடம் விலாசம் சொல்லும்போது 'பின்கட்டு, இடப்பக்கம், மூன்றாம் மாடி' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்கட்டில் யார் வீட்டிலாவது கொடுத்துவிட்டு, பெட்டியில் சீட்டு போட்டுவிட்டுப் போய்விடுவார். (மறுபடியும் சீட்டு.)

கட்டட எண்ணிலும் ஒரு விளையாட்டு உண்டு. நம் ஊரில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று பழகியிருப்போம். இங்கே பல தெருக்களில் எண் ஒரு பக்கமாகவே 1, 2, 3 என்று கடைசி வரை போய், அங்கே தெருவைத் தாண்டி மறுபக்கமாகத் திரும்பி வரும். 12ஆம் எண்ணுக்கு எதிரே 187 இருக்கலாம். குடாம் என்று செல்லமாகச் சொல்கிற குர்ஃபூர்ஸ்டன்டாம் வீதியில் 1 முதல் 10 வரை கட்டடமே கிடையாது. அந்தத் துண்டை 1925இல் வேறு தெருவோடு சேர்த்துப் பெயரை மாற்றிவிட்டார்கள், வரிசை 11இல் தொடங்குகிறது. தெருமுனைப் பெயர்ப் பலகையின் மேல் சின்னதாக எண்கள் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு நடந்தால் கால் பிழைக்கும்.

சீட்டுக்கு வருகிறேன். ஒரே வாசலில் முப்பது நாற்பது குடும்பம். ஒருவர் இரவு வேலை, ஒருவர் மாணவர், ஒருவர் எண்பது வயது. 'சைக்கிளை எடு' என்று முப்பது கதவைத் தட்டிச் சொல்ல யாருக்கு முடியும்? எனக்கு இதில் கூச்சமோ வெறுப்போ தெரியவில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவின் வேலையைச் சுவர் பார்க்கிறது.

இசார்_கரை:

மியூனிக்ல இருந்து ஒரு கை தூக்கிக்கறேன். உங்க ஊர்ல சீட்டுக்குக் கீழ 'ஏன்?'னு எழுதற தைரியம் இருக்கு பாருங்க, அதுக்கே நான் பெர்லினுக்கு வந்துடலாம்னு பார்க்கறேன். இங்க சீட்டெல்லாம் கிடையாது. நேரா வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம், அவங்ககிட்ட இருந்து நமக்கு ஒரு கடிதம், ரெண்டுலயும் 'அன்பான வணக்கங்களுடன்'.

அப்புறம் பெர்லின்காரங்க சிவப்பு விளக்குல ரோட்டைத் தாண்டறதைப் பார்த்தா எனக்குக் கை நடுங்குது. அதுக்கு 5 யூரோ அபராதம் இருக்கு, தெரியும்ல? தாண்டுங்க, ஆனா பக்கத்துல குழந்தை நின்னா மட்டும் தாண்டாதீங்க. அப்ப சீட்டெல்லாம் வராது, அம்மாக்கள் நேர்லயே கத்துவாங்க.

கல்லுரல்:

நொய்யல் தம்பி, மதுரைப் பக்கத்து அக்கா பேசுறேன். சீட்டைப் பத்தி எங்கிட்டக் கேளுங்க.

இங்க ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் சத்தம் கூடாது. ஞாயிறும் அரசு விடுமுறையும் நாள் பூராவும் கூடாது. ட்ரில் போடக்கூடாது, பாட்டிலை அள்ளிக் கண்ணாடித் தொட்டியில கொட்டக்கூடாது. சரி, மிக்ஸியை ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்திருவோம். கிரைண்டரை என்ன செய்ய? அது சத்தத்தை விட அதிர்வு. மரத் தரை வேற, அப்படியே கீழ் வீட்டுக் கூரைக்கு இறங்கிரும். நான் பழைய யோகா பாயை நாலா மடிச்சு அடியில போட்டு, சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குத்தான் அரைப்பேன். சட்டப்படி ஒரு தப்பும் இல்ல.

ஒரு நாள் தபால் பெட்டியில சீட்டு, கீழ் வீட்டம்மா எழுதினது. 'மதிப்புக்குரிய அண்டை வீட்டாருக்கு, உங்கள் துவைக்கும் இயந்திரம் சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடம் ஒரே சீராகச் சுற்றுகிறது. தண்ணீர் இழுக்கும் சத்தம் வருவதில்லை. பம்பு பழுதாகியிருக்கலாம், கவனிக்கவும்.' படிச்சிட்டு வீட்டுக்காரரும் நானும் உருண்டு உருண்டு சிரிச்சோம். அந்தம்மா சண்டைக்கு வரல, மெஷின் மேல அக்கறை!

நான் பதில் சீட்டுல கிரைண்டர் படத்தை வரைஞ்சு, ரெண்டு கல்லுக்கும் அம்புக்குறி போட்டு, 'அரிசி, உளுந்து'ன்னு எழுதி அவங்க பெட்டியில போட்டேன். அடுத்த வாரம் படிக்கட்டுல பிடிச்சுக்கிட்டாங்க. உளுந்துன்னா எது, ஏன் ஊற வைக்கணும், கல் எந்த ஊருக் கல்லுன்னு கேட்டு, ஒரு கையில பால் பாக்கெட்டோட என்னைய நிக்க வெச்சுட்டாங்க. பேச மாட்டாங்கன்னு சொல்லாதீங்க. முன்னறிவிப்பு இல்லாம பேச மாட்டாங்க. சீட்டுங்கிறது 'பேசலாமா?'ன்னு கேக்குற மாதிரி.

பின்குறிப்பு: டிசம்பர்ல மாவு பொங்கவே பொங்காது. ஓவனுக்குள்ள லைட்டை மட்டும் போட்டுவிட்டு ராத்திரி பூரா உள்ள வைங்க.

அரைத்தூக்கம்:

நான் ஸ்டூடண்ட், டெக்னிக்கல் யுனிவர்சிட்டி. அக்கா சொன்ன கடைசி வரிக்கு ஒரு கும்பிடு, மாஸ்டர்ஸ் டிகிரியை விட அதுதான் உபயோகம்.

என் பங்குக்கு ரெண்டு.

ஒண்ணு, பாட்டில். ஃபாண்ட்னு ஒரு டெபாசிட். ஒரு தடவை குடிச்சுட்டுப் போடற பிளாஸ்டிக் பாட்டில், கேன் எல்லாத்துக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடை மெஷின்ல போட்டா ரசீது வரும், பில்லுல கழிச்சுக்கலாம். அது எல்லாருக்கும் தெரிஞ்சது. பார்க்ல கவனிங்க: காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள்ள போட மாட்டாங்க, தொட்டி பக்கத்துல தரையில வரிசையா நிக்க வெப்பாங்க. பாட்டில் பொறுக்கி அதுல காசு பார்க்கறவங்க தொட்டிக்குள்ள கை விடக் கூடாதுன்னு. இதுக்கு எங்கயும் சீட்டு இல்ல, போர்டு இல்ல, யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. ஊரே செய்யுது. நொய்யல் அண்ணனோட தியரிக்கு இது எப்படிப் பொருந்தும்?

ரெண்டு, இருட்டு. டிசம்பர் கடைசியில நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும். காலையில எட்டேகாலுக்குத்தான் வரும், அதுவும் மேகத்துக்குப் பின்னாடி. லேப்ல இருந்து வெளிய வந்தா ராத்திரி மாதிரி இருக்கும், பசிக்கவும் பசிக்காது, தூக்கமும் வராது. வீட்டுக்கு போன் பண்ணி அம்மாகிட்ட 'இருட்டிடுச்சு'ன்னா 'அங்க மணி என்னடா'ன்னு திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. ஜூன்ல நேர்மாறு, ஒன்பதரை மணிக்கு வெளிச்சம். புதுசா வந்தவங்க முதல் நவம்பர்லயே தினம் மத்தியானம் ஒரு அரை மணி நேரம் வெளிய நடங்க. நான் சீரியஸா சொல்றேன்.

வடமராட்சியான்:

பிள்ளையள் எல்லாருக்கும் வணக்கம். பேர்த்திதான் ரைப் பண்ணித் தாறா, பிழையிருந்தா அவவின்ர.

நான் 85இல வந்தனான். மொஸ்கோவால கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கி, அங்கயிருந்து ஃப்றீட்றிஷ் வீதி ஸ்ரேசன். அதுக்குள்ள கிழக்காற்ற பரிசோதனை முடிஞ்சா அங்கால எஸ்பான் ரெயின், மேற்கு பேர்லின். மேற்குப் பக்கத்தில பாஸ்போட் பாக்க ஒருத்தரும் இல்லை. ஏனெண்டால் அது ரண்டு நாட்டுக்கு நடுவில உள்ள எல்லை எண்டு மேற்கு ஒத்துக்கொள்ளேல்லை. ஒத்துக்கொள்ளாத எல்லையில ஆரை நிப்பாட்டி எதைப் பாக்கிறது? அந்த ஓட்டைக்குள்ளாலதான் எங்கட சனம் கனபேர் வந்தது. 85 நடுவோட கிழக்கு ஜேர்மனி எங்களுக்கு அந்தப் பாதையை மறிச்சுப்போட்டுது. நான் ஒரு மாதிரி அதுக்கு முந்தி வந்திட்டன்.

தம்பி நொய்யல், நீர் வெட்டிங்கில இருக்கிறீர் எண்டால் பேர்னவர் வீதிக்கு நடந்து போயிருப்பீர். துருப்பிடிச்ச இரும்புக் கம்பியள் வரிசையா நிக்கும், அதுதான் மதில் இருந்த இடம். அங்க ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு, அந்த வீட்டு வாசலுக்கு முன்னால இருந்த நடைபாதை மேற்கு. 61இல மதில் வரேக்க சனம் யன்னலால குதிச்சது அங்கதான். நான் வெட்டிங்கில இருந்து நொய்கொல்ன் சிநேகிதனிட்டப் போறதெண்டால் யூ8 சுரங்க ரெயின். வோல்ற்றா வீதி தாண்டினால் ரெயின் கிழக்குக்கு அடியால போகும். ஸ்ரேசன் வரும், ஆனால் நிக்காது. மெல்லமா உருண்டு போகும். மங்கல் வெளிச்சத்தில காவலுக்கு நிக்கிற ஆள் மட்டும் தெரியும். மொரிட்ஸ் பிளாட்ஸ் வந்தால்தான் கதவு திறக்கும். நீங்கள் இப்ப போனைப் பாத்துக்கொண்டு போற ஸ்ரேசனுகள் அதுகள்.

இனிச் சீட்டுக் கதைக்கு வாறன். நாங்கள் வந்த காலத்தில எங்களுக்குப் பாஷை தெரியாது. கந்தோரில, அதாவது அரசாங்க அலுவலகத்தில, அவை வாயால சொன்னது ஒண்டும் விளங்காது. தலையை ஆட்டிப்போட்டு வருவம். ஆனால் ஒரு கடிதம் கையில இருந்தால் அதைக் கொண்டுபோய்த் தெரிஞ்ச ஒருத்தரிட்டக் காட்டலாம், ஒவ்வொரு சொல்லா அகராதியில பாக்கலாம், திகதியைப் பாக்கலாம். வாயால சொன்னதை நாளைக்கு 'நான் சொல்லேல்லை' எண்டலாம். எழுத்தை அப்பிடிச் சொல்லேலாது. வேலை செய்யத் தடை, இந்த ஊரை விட்டு வெளிய போகத் தடை எண்டு எழுதினதும் கடுதாசிதான், பிறகு அந்தத் தடையை எடுத்ததும் கடுதாசிதான். 85இல தந்த முதல் கடுதாசி இண்டைக்கும் என்ர அலுமாரியில கிடக்கு. முகம் பாக்க விருப்பமில்லாமல் எழுதுகினம் எண்டு நீர் நினைக்கிறீர். எனக்கு அவை எழுதினபடியால்தான் இந்த ஊர் விளங்கினது.

மற்றது, பேர்லின்காரர் கதைக்கமாட்டினம் எண்டு ஆர் சொன்னது? பஸ் கதவு பூட்டேக்க ஓடிப்போய்த் தட்டிப் பாரும். சாரதி உம்மட பரம்பரையையே இழுத்து ஏசுவார்.

நொய்யல்:

ஐயா, இதை எதிர்பார்க்கலைங்க. யூ8லதான் தினம் ஆபீஸ் போறேன். பேர்னவர் ஸ்டேஷன்ல கதவு திறக்குது, நாலு பேரு ஏறறாங்க, இறங்கறாங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீங்க சொன்ன பாயிண்டை மறுக்க முடியலை. ஆனாலும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கந்தோருக் கடிதம் வேற, பக்கத்து வீட்டுச் சீட்டு வேற இல்லீங்களா? கந்தோருல ஆதாரம் வேணும், ஒத்துக்கறேன். சைக்கிளை நகர்த்தறதுக்கு எதுக்குங்க ஆதாரம்? அரைத்தூக்கம் தம்பி சொன்ன பாட்டில் சமாச்சாரமும் என் தியரியை உடைக்குதுதான். அங்க எழுத்தே இல்லாம எல்லாரும் ஒரே மாதிரி செய்யறாங்க. அப்ப எழுதாமலும் இவங்களால ஒத்துப்போக முடியும். பின்ன படிக்கட்டுல மட்டும் ஏன்?

கல்லுரல் அக்கா சொன்ன 'முன்னறிவிப்பு'தான் கொஞ்சம் நெருங்கி வருதுன்னு தோணுது. ஈரோட்டுல கதவைத் தட்டறதுக்கு நேரம் காலம் இல்லை. காபித்தூள் கேக்க வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போவாங்க, சமையல் பாதியில நிக்கும். எங்கம்மா அதை ரொம்ப ரசிச்சாங்கன்னு சத்தியமா சொல்ல மாட்டேன்.

தெருவிளக்கு:

கந்தோர்க் கடிதத்தைத் தொட்டதால் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள் உறை. தபால்காரர் அதன் மேல் தேதியைக் கையால் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் கையெழுத்திட வேண்டாம், வீட்டில் இருக்கவும் வேண்டாம். பெட்டியில் விழுந்த அந்தத் தேதியிலேயே கடிதம் உங்களிடம் சேர்ந்துவிட்டது என்பதுதான் சட்டம். பதில் சொல்லவோ மறுப்புத் தெரிவிக்கவோ உள்ள கெடு அன்றே ஓடத் தொடங்கும். உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெரும்பாலும் வருகிற மற்ற கடிதங்கள்: வீடு பதிந்ததும் 11 இலக்க வரி எண். பிறகு ஒளிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லை, ஜெர்மன் தெரியாது, எதுவும் எடுபடாது. ஒரே வீட்டில் நான்கு பேர் தங்கினால் ஒருவர் கட்டினால் போதும். பதிவின்போது மதம் கேட்பார்களே, அது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. தேவாலய வரி வாங்கும் சபையைச் சேர்ந்தவர் என்றால் பெர்லினில் வருமான வரியில் 9 சதவீதம் தேவாலய வரியாகச் சேரும்.

இசார்_கரை:

பவேரியாவில 8 சதவீதம். வாழ்க்கையில ஒரு விஷயமாவது இங்க மலிவு.

கல்லுரல்:

நொய்யல் கேட்ட 'படிக்கட்டுல மட்டும் ஏன்'க்கு என் பதில். படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்லாத இடம். அங்க யாரு யாருக்குச் சொல்ல உரிமை இருக்குன்னு தெரியாது, அதனால பேர் போடாம எழுதுறாங்க. கீட்டாவுக்கு வாங்க, கதையே வேற. (கீட்டான்னா குழந்தைங்க காப்பகம். பெர்லின்ல 2018ல இருந்து கட்டணமே இல்ல, சாப்பாட்டுக்கு மாசம் 23 யூரோ மட்டும்.) சாயங்காலம் மகனைக் கூப்பிடப் போனா டீச்சர் வாசல்லயே நின்னு பூரா ஒப்பிப்பாங்க. என்ன சாப்பிட்டான், யாரைத் தள்ளினான், யாரு இவனைத் தள்ளினாங்க, எந்தக் குட்டையில குதிச்சான். பெத்தவங்க கூட்டம்னு சாயங்காலம் ஒண்ணு வைப்பாங்க பாருங்க, ரெண்டு மணி நேரம், குட்டி நாற்காலியில உக்காந்து, வெயில் கிரீம் எந்தப் பிராண்டுங்கிறதுக்கே இருபது நிமிஷம் விவாதம். எங்க மதுரைத் தெருப் பஞ்சாயத்து தோத்துப்போகும்.

மழையில விளையாட விடுவாங்க, அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா விடிஞ்சுரும். ரப்பர் பேன்ட், ரப்பர் பூட்ஸ் இல்லாம பிள்ளையை அனுப்பினா மட்டும் சீட்டு வரும்.

அரைத்தூக்கம்:

சீரியஸ் டாபிக் நடுவுல ஒரு அவசரம். நாளைக்கு ஞாயிறு. வீட்டுல ஒரு வெங்காயம், அரைக் கிலோ ரவை. எந்தக் கடை திறந்திருக்கும்?

அப்புறம் இது என்ன சட்டம் சார், வாரத்துல ஆறு நாள் நடுராத்திரி வரைக்கும் திறந்து வெச்சுட்டு ஏழாவது நாள் மொத்தமா இழுத்துப் பூட்டறது?

தெருவிளக்கு:

ஹவுப்ட்பான்ஹோஃப், ஓஸ்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்கும். கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும், விலை கூட.

சட்டம் பழையது. ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். இன்றைய அரசியலமைப்பு அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. பெர்லின் 2006இல் வாரநாள் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, திங்கள் முதல் சனி வரை இரவு பகலாகத் திறக்கலாம் என்றது. அதோடு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் திறக்கப் பார்த்தது. தேவாலயங்கள் வழக்குப் போட, 2009 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும், ஞாயிறு என்று ஒரு நாள் தனியாகத் தெரிகிறது. உங்கள் ஒரு வெங்காயத்துக்காக வருந்துகிறேன்.

வடமராட்சியான்:

ரவையும் வெங்காயமும் இருந்தால் உப்புமா கிண்டும் தம்பி, படிக்கிற பிள்ளைக்கு அது காணும். பின்னேரம் பிரிட்ஸில மயூரபதி முருகன் கோயிலுக்கு வாரும். யூ7 எடுத்து பிளாஷ்கோ ஆலேயில இறங்கினால் கிட்டத்தான்.

ஒரு சொல்லு நொய்யல் தம்பிக்கு. நீர் சைக்கிளுக்கு என்ன ஆதாரம் எண்டு கேட்டது சரியான கேள்வி. எனக்கும் மறுமொழி தெரியேல்லை. நாற்பது வரியமா நானும் சீட்டைத்தான் ஒட்டுறன். போன மாசம் கூட, கீழ் வாசல் கதவை அடிச்சுப் பூட்டாதேங்கோ எண்டு எழுதி ஒட்டினனான். ஒட்டேக்க எதிர்வீட்டுப் பெடியன் வந்தான். அவனிட்ட வாயால சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை, 'ஹலோ' எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இசார்_கரை:

ஐயா பெர்லின்காரராயிட்டார்னு இதைவிட ஆதாரம் வேணுமா?

நொய்யல்:

ஹஹா. சரிங்க, நானும் நேத்து முதல் சீட்டு எழுதி ஒட்டிட்டேன். வீடு மாத்திப் போறவரு அலமாரி ஒண்ணு வாசல்ல வெச்சுட்டு 'இலவசம்'னு எழுதியிருந்தாரு, அதுல 'எடுத்துக்கறேன், சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றேன், பின்கட்டு மூணாவது மாடி'ன்னு எழுதினேன். அலமாரி ஏழு மணிக்கு அங்கேயே இருந்துச்சு.

இந்த ஊர்ல வாடகை வீட்டுல சமையலறையே இருக்காதுங்கறதை யாரும் சொல்லலையே? நாலு சுவரு, ஒரு குழாய், கூரையில வயரு தொங்குது. முன்னாடி இருந்தவரு சிங்க், அடுப்பு, பல்பு வரைக்கும் கழட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கு மூணு மாச வாடகை முன்பணம் வேற.

தெருவிளக்கு:

முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தாமாகச் சொல்வதில்லை. எழுத்தில் கேளுங்கள்.

நொய்யல்:

எழுத்தில்! சரிங்க. கடைசியா ஒண்ணு. வீட்டம்மா அடுத்த மாசம் வர்றாங்க. டேபிள்டாப் கிரைண்டர் கொண்டுவரலாமா? வோல்டேஜ் ஒத்துவருமா, இல்ல இங்கயே வாங்கிக்கலாமா? கல்லோட எடையைப் பார்த்தா துணிமணிக்கு இடமே இருக்காது போல.

கல்லுரல்:

ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் ஒழுங்கா ஓடும். பிளக்தான் வேற, அடாப்டர் போதும். நம்ம ஊரு மூணு முள்ளு பெரிய பிளக் இங்க சேராது. ஆனா கொண்டுவர வேணாம். எங்கிட்டப் பழசு ஒண்ணு பரண்ல கிடக்கு, புதுசு வாங்கின பிறகு எடுக்கவே இல்ல. நொய்கொல்ன்தான், யூ8லயே வந்துரலாம். சனிக்கிழமை மூணு மணிக்கு வாங்க, ஓட்டிக் காட்டித் தரேன்.

நொய்யல்:

ரொம்ப நன்றிங்கக்கா. எத்தனை லிட்டருங்க? தோள்ல தூக்கிட்டு வந்துடலாமா, இல்ல டிராலி எடுத்துட்டு வரட்டுமா?

கல்லுரல்:

ரெண்டு லிட்டர். டிராலி எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடி, பின்கட்டு. கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க.